மணியைச் சுமந்த இலுப்பை

மணி ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பியிருந்தபோது சங்கிலி சிக்கிக்கொண்டது. மேலே சாரத்தில் உட்கார்ந்திருந்த முருகையன், "இருங்கக்கா, பல்லுல மாட்டிக்கிச்சு" என்று குரல் கொடுத்துவிட்டுப் பாரம் தூக்கும் செயின் பிளாக்கோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தான். மணி அந்தரத்தில் மெல்லச் சுழன்றபடி நின்றது.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. தேவாலய முற்றம் முழுக்க ஜனம். அன்று அவர்களுக்கு அறுப்பின் பண்டிகை. சம்பா அறுவடை முடிந்த கையோடு வருகிற பண்டிகை அது. விளைந்ததில் முதல் பங்கை ஆண்டவருக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். நெற்கதிர்க் கட்டும் பரங்கிக்காயும் வாழைத்தாரும் வாசற்படிவரை குவிந்து கிடந்தன. புது வைக்கோல் வாசனை மூக்கைத் துளைத்தது.

அத்தனை பேரும் மணியை அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும். ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

காரணம் இருந்தது. மணியின் முழுப் பாரமும் அப்போது தொங்கியது நான் அறுத்துக் கொடுத்த இலுப்பை உத்தரத்தில். அந்த உத்தரம் பிளந்தால் என் மரவாடியை இழுத்து மூடுவதாக, இதே ஜனங்கள் முன்னால் நான் வாய்விட்டிருந்தேன். மூடினால் சாவியை வாங்கிக்கொள்ள வேண்டியவன், என் கொழுந்தன் சலீம், வேப்பமரத்தடியில் கைகட்டி நின்றிருந்தான்.

வாய்விட்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

துரு தின்ற மணிக்கூண்டு

தரங்கம்பாடியிலிருந்து மயிலாடுதுறை வரும் வழியில், கடற்காற்று எட்டுகிற தூரத்தில் இருக்கிறது அந்த ஊர். சின்ன லுத்தரன் தேவாலயம். வெளியே இரண்டு செங்கல் தூண்கள், நடுவில் ஓர் இரும்பு கர்டர், அதில் மணி. இவ்வளவுதான் மணிக்கூண்டு.

உப்புக் காற்றுக்கும் இரும்புக்கும் என்ன ஜென்மப் பகையோ, எத்தனை பெயின்ட் அடித்தாலும் கர்டரைத் தின்றுவிடும். மாற்றுவார்கள். திரும்பத் தின்றுவிடும். கடைசியில் ஒரு கல்யாணத்தன்று மணி அடித்தபோது, வாசலில் நின்ற மணப்பெண்ணின் வெள்ளைப் புடவையில் உள்ளங்கை அகலத் துருச் செதில் வந்து விழுந்தது. அன்றே மணியைக் கீழே இறக்கிவிட்டார்கள்.

அதன்பிறகு ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு, சுத்தியலால் அடித்தார்கள். "அதக் கேட்டா பள்ளிக்கூடம் விட்ட மாதிரி இருக்கும்மா. ஜனங்க உள்ள வர்றதுக்குப் பதிலா வீட்டுக்குப் போயிடுவாங்க போலருக்கு" என்று சொல்லிச் சிரித்தார் ஆசீர்வாதம் சார். பொதுப்பணித் துறையில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். சபையில் கட்டட வேலை எதுவானாலும் அவர்தான்.

நான் எப்படி இதில் மூக்கை நுழைத்தேன்? ஒரு புயலால்.

அந்த வருடத்துக் கார்த்திகைப் புயல் எங்கள் பக்கத்தில் விட்டுவைத்த மரம் குறைவு. தேவாலயத்து நிலத்தில், வாய்க்கால் கரையோரம் நின்ற பெரிய இலுப்பையும் வேரோடு சாய்ந்தது. சாய்ந்த மரங்களை விலை பேசப் போனவள் நான். மயிலாடுதுறை சாலையில் எங்களுக்கு மரவாடி இருக்கிறது, அறுவை மிஷினோடு. மாமனார் வைத்தது. வீட்டுக்காரர் ஷார்ஜாவுக்குப் போனபின் நான்தான் நடத்துகிறேன். இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது தெரியும்.

போனால், அந்த இலுப்பையைச் செங்கல் சூளைக்கு விறகாகத் தள்ளிவிடப் பேச்சு முடிந்திருந்தது. வெட்டுப்பட்ட இடத்தைத் தடவிப் பார்த்தேன். வெளிவட்டம் வெளிறிக் கிடந்தது. உள்ளே வைரம் சிவந்து, இறுகி, கை வைத்தால் குளிர்ந்தது. இதையா அடுப்பில் வைப்பது?

நேரே ஐயரிடம் போனேன். லுத்தரன் சபையில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் இளவயதுக்காரர், நிதானமானவர். "ஐயரே, இத விக்காதீங்க. ஒங்க மணிக்கு உத்தரம் இதுலயே இருக்கு" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் முற்றத்திலேயே கூட்டம் போட்டார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். காரில் கொண்டுபோய் விட்ட சலீமும் கூட வந்து உட்கார்ந்தான். சலீம் மயிலாடுதுறையில் ப்ளைவுட் கடை வைத்திருக்கிறான். நல்ல பையன், ஆனால் எங்கள் வாடியைக் குடோனாக்கிவிட வேண்டும் என்று அவனுக்கு நெடுநாள் ஆசை. "இனிமே யாரு அண்ணி மரம் வாங்கறாங்க" என்பதை ஸலாம் சொல்வதுபோலத் தினமும் சொல்வான்.

கூட்டத்தில் ஒருவர் கேட்டார், "இரும்பே நிக்கல. மரம் நிக்குமா?"

நான் பதில் சொல்வதற்குள் சலீம் முந்திக்கொண்டான். "இலுப்பை காயறப்ப வெடிக்கும்ங்க. அண்ணிக்கே தெரியும்."

நாலு பேர் தலையாட்டினார்கள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. "இந்த மரம் பொளந்துச்சுன்னா வாடியப் பூட்டி, சாவிய ஒன் கையில குடுத்துடறேன், போதுமா?" என்றேன்.

சலீம் மெதுவாக, "எல்லாரும் கேட்டுக்குங்க" என்றான்.

அன்று மாலை வீட்டுக்காரர் வீடியோவில் வந்தார். நான் சொல்லுமுன்பே விஷயம் அவருக்குப் போயிருந்தது. "ஒனக்கு வாயிதான் எதிரி" என்றார். "மரத்த நம்பிச் சொன்னேங்க" என்றேன். "மரம் வாய் திறந்து சத்தியம் பண்ணிச்சா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

ஆளுக்கொரு குணம்

போன வாரம் தேக்கை லேசாகக் கிண்டல் செய்து எழுதியதற்குச் சில வாசகர்கள் கோபித்துக்கொண்டார்கள். தேக்கு மீது எனக்கு விரோதம் இல்லை. அது சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை. இழைப்புளி ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போகும், எண்ணெய்ப் பசை இருப்பதால் கரையான் கிட்டே வராது, வெயில் மழைக்கு முறுக்காது. ஆனால் எல்லா வேலைக்கும் அதையே கேட்டால் எப்படி?

வேங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். வலுவான மரம். ஆனால் ஊறப்போட்டுச் சாயத்தை இறக்காமல் கதவு நிலை வைத்தால் ஈரம் பட்டதும் சாயம் கக்கும். குடவாசலில் ஒரு வீட்டில் நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் அவசரமாக வைத்தார்கள். புதுமனைப் புகுவிழா அன்று காலையில் மழை. வெள்ளைச் சுவரில் இரண்டு பக்கமும் மஞ்சளாக வழிந்து நின்றது. வந்தவர்கள் எல்லாம், வீட்டுக்கே மஞ்சள் பூசிவிட்டீர்களா என்று கேட்டுவிட்டுப் பந்திக்குப் போனார்கள்.

தூங்குமூஞ்சி மரத்தை வாகை என்று சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். புயலுக்கப்புறம் அந்தச் சரக்கு நிறைய வந்தது. நான் அதைத் தூங்குமூஞ்சி என்றே சொல்லித்தான் விற்பேன். வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இலுப்பை இவை எதோடும் சேராது. முரட்டு ஆள். பச்சையாக இருக்கும்போது தண்ணீரில் போட்டால் முழுகும், அவ்வளவு கனம். காய்ந்தபின் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். துளை போட்டுத் திருகாணிதான் முடுக்க வேண்டும், முடுக்கிவிட்டால் பிடித்த பிடியை விடாது. நார் நேராக ஓடாமல் பின்னிக்கொண்டு ஓடும். அதனால் இழைப்பது சள்ளை. அதே காரணத்தால் பாரம் ஏற்றினால் சட்டென்று முறியாது. வெயில், மழை, உப்பு எதற்கும் அசராது.

குறை ஒன்றுதான். காய்கிற காலத்தில் அவசரப்படுத்தினால் வெடிக்கும். சலீம் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

கலியபெருமாளின் மீன்கள்

இலுப்பையை வெடிக்காமல் காயவைக்க வேண்டுமானால் முதலில் குளத்தில் முழுக்கிவிட வேண்டும். மாதக் கணக்கில் ஊறினால் மரத்தின் சாறு கரைந்து போகும், பூச்சி ஏறாது, பிறகு காயும்போது ஒரே சீராகக் காயும். பக்கத்திலேயே ஊராட்சிக் குளம் இருந்தது. கட்டையை உருட்டிக் கரைக்குக் கொண்டுபோனோம்.

கரையில் கலியபெருமாள் கையை விரித்துக்கொண்டு நின்றார். குளத்தை மீன் வளர்ப்புக்குக் குத்தகை எடுத்தவர்.

"பாயம்மா, என் பொழப்புல மண்ணப் போடாதீங்க. இது இலுப்பை. என் மீனெல்லாம் மெதந்துடும்."

அவர் பயத்துக்கும் ஓர் அடிப்படை உண்டு. இலுப்பை விதையை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் புண்ணாக்கைக் குளத்தில் கரைத்தால் மீன் செத்து மிதக்கும். மீன்குஞ்சு விடும் முன் குளத்தைச் சுத்தம் செய்ய எங்கள் பக்கத்தில் அதைத்தான் போடுவார்கள். கலியபெருமாளே வருடா வருடம் போடுகிறவர். புண்ணாக்கு கொல்லும் என்றால் மரமும் கொல்லும் என்பது அவர் கணக்கு.

"விஷம் வெதையிலங்க. மரத்துல இல்ல" என்றேன்.

"ஒரே ரத்தம்தானே?"

ஆசீர்வாதம் சார் சொல்லிப் பார்த்தார். ஐயர் சொல்லிப் பார்த்தார். அவர் மசியவில்லை. கடைசியில் நான் பட்டையை முழுக்க உரித்துத் தள்ளச் சொன்னேன். "ஒரு மீன் மல்லாந்தாலும் சொல்லி அனுப்புங்க, அன்னைக்கே கட்டைய இழுத்துடறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுப்பதில் எனக்கு ஈடு யார்?

கட்டை முழுகியது. அன்றிலிருந்து கலியபெருமாள் கண்கொத்திப் பாம்பாகக் குளத்தைக் காத்தார். போன் வரும்போதெல்லாம் அவர்தானோ என்று பேரைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். கட்டையைப் பாதியில் வெளியே எடுத்தால் அது வெடிப்பது நிச்சயம், வாடிக்கும் பூட்டு நிச்சயம். பொங்கல் போயிற்று, மாசி போயிற்று. புகார் வரவில்லை.

சித்திரையில் தண்ணீர் இறங்கியதும் கட்டையை எடுக்கப் போனோம். மறுபடியும் கலியபெருமாள் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"இப்ப என்னங்க?" என்றேன்.

"எடுக்காதீங்க பாயம்மா. விராலு பூரா அதுக்கு அடியிலதான் அடைஞ்சிருக்கு."

கட்டையில் பச்சைப் பசேலென்று பாசி படர்ந்திருந்தது. பாசி மேய வருகிற சின்ன மீனும் ஒதுங்க நிழலும் கிடைத்தால் விரால் எங்கே போகும்? வலையை விரித்து அவர் மீனை அள்ளிக்கொண்டபிறகுதான் கட்டையைத் தொடவிட்டார். பதிலுக்கு வேறொரு கட்டை போடுவதாக என்னிடம் வாக்கும் வாங்கிக்கொண்டார்.

தும்மலும் மெழுகும்

இலுப்பையை ஈரத்தோடு அறுத்துவிட வேண்டும். காய்ந்தால் வாளின் பல் மழுங்கிவிடும். முருகையன்தான் எங்கள் மிஷின் மேஸ்திரி. கட்டையை ஏற்றிவிட்டு, முகத்தில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டான். இலுப்பைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. வாடியில் எல்லாரும் தும்மினோம். மரம் வாங்க வந்த இரண்டு பேர் தும்மிக்கொண்டே விலை கேட்டுத் தும்மிக்கொண்டே போனார்கள்.

ஆனால் பலகை விலகி அந்த உத்தரம் வெளியே வந்ததே, அதைப் பார்த்தபோது நான் தும்மலை மறந்தேன். நல்ல செம்பழுப்பு. முடிச்சு இல்லை, பொந்து இல்லை. முருகையன் துண்டை இறக்கிவிட்டு, "இதப் போயி சூளையில வைக்க இருந்தாங்களேக்கா" என்றான்.

மரம் வெடிப்பது முதலில் முனையில்தான். ஈரம் அங்கேதான் வேகமாக வெளியேறும். முனையை அடைத்துவிட்டால் மரம் நிதானமாகக் காயும். சிலர் சாணியும் மண்ணும் பூசுவார்கள், சிலர் தார். ஐயர் ஒரு சாக்கு நிறைய மெழுகைக் கொடுத்தனுப்பினார். பீடத்தில் எரிந்து மிஞ்சிய துண்டுகளும் கல்லறைத் தோட்டத்தில் உருகிக் கிடந்ததைச் சுரண்டி எடுத்ததும். உருக்கி இரண்டு முனையிலும் தடித்துப் பூசினோம்.

ஆடிக் காற்று

மரத்தை வாடிக் கொட்டகை நிழலில், அடியில் கட்டை கொடுத்து ஏற்றிவைத்தேன். வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. ஆடி வந்தது.

எங்கள் ஊர் ஆடிக் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. காயப்போட்ட துணி அடுத்த தெருவில் கிடக்கும். மரம் அவசரமாகக் காய்ந்துவிடக் கூடாதென்று கொட்டகைக்கு நாலு பக்கமும் சாக்குப் படுதா கட்டினேன். அப்படியும் ஒரு மத்தியானம் படுதா ஒன்று பிய்த்துக்கொண்டு போய்விட்டது. நான் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தேன்.

திரும்பிப் போனால் சலீம் உத்தரத்தின் பக்கத்தில் குனிந்து நிற்கிறான். "அண்ணி, இங்க வாங்க" என்றான். குரலில் சந்தோஷம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மரத்தின் ஒரு முகத்தில், நடுவாக்கில், முழ நீளத்துக்கு ஒரு கீற்று.

அப்படியே பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டேன். மாமனார் வைத்த வாடி, முருகையன் குடும்பம், என் இத்தனை வருடப் பாடு எல்லாம் அந்தக் கீற்றில் விழுந்துவிட்டதாகவே நினைத்தேன். அழுதேன். கொழுந்தன் முன்னால் அழ வேண்டியிருக்கிறதே என்று இன்னும் அழுதேன்.

சலீம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். குடித்ததும் புத்தி வந்தது. துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக் கீற்றுக்குள் விட்டேன். நகக்கண் ஆழத்துக்குமேல் போகவில்லை. வேறு இடத்தில் விட்டேன். அங்கும் அப்படியே. முனைகளில் மெழுகு கீறல் இல்லாமல் இருந்தது.

"இது மேல்தோல் வெடிப்பு. பொளவு இல்ல" என்றேன்.

"ஒங்க வாடி, நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க" என்றான் சலீம். "ஆசீர்வாதம் சார் சொல்லட்டும்."

நியாயமான பேச்சு. சார் வந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மெல்லிய இரும்புத் தகட்டை விட்டுப் பார்த்தார், மரச் சுத்தியலால் முனைக்கு முனை தட்டிக் கேட்டார். கடைசியில், "சத்தம் கணீர்னு இருக்கு. உள்ள ஒண்ணும் ஆகல. இந்த மொகத்தக் கீழ் பக்கமா வச்சிடுவோம், மழத்தண்ணி தங்காது" என்றார். ஆனால் அதோடு விடவில்லை. "பாரம் ஏத்திப் பாக்காம நான் தூணுல ஏத்த விடமாட்டேன். கீழ ஜனங்க நிப்பாங்க."

படுதாவை இரட்டையாகக் கட்டினேன். அடுத்த மழைக்காலம் முழுக்க, வீட்டில் இருந்ததைவிட அந்தக் கொட்டகையில் இருந்ததுதான் அதிகம்.

தொங்கிய மூட்டைகள்

தை முடிந்து அறுப்பின் பண்டிகைக்கு நெல் வர ஆரம்பித்தது. உத்தரத்தை முற்றத்துக்குக் கொண்டுபோய் இரண்டு மேடைகளுக்கு நடுவே கிடத்தினோம். பாரத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது ஐயர்தான் காணிக்கை நெல்லைக் காட்டினார். மூட்டை மூட்டையாகக் கயிற்றில் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டார்கள். மணியைவிடக் கூடுதல் பாரம். அடியில் ஒரு விரல் இடைவெளி விட்டு நூல் கட்டினார் சார். மரம் தொய்ந்தால் நூலைத் தொடும்.

பண்டிகைக்கு முந்தின நாள்வரை மூட்டைகள் தொங்கின. கும்பிட வந்தவர்கள் எல்லாம் குனிந்து நூலைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். நூலுக்கும் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. சார் தன் கையாலேயே கயிறுகளை அவிழ்த்தார். "ஏத்துங்க" என்றார். அன்றே உத்தரம் தூண்களில் ஏறியது. போல்ட் மட்டும் துருப்பிடிக்காத எஃகில்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிவந்தார். அது சரிதான்.

ஆனால் தொங்குகிற பாரம் வேறு, ஆடுகிற பாரம் வேறு. மணி ஆடும். அதை நெல் மூட்டையால் சோதிக்க முடியாது.

கயிறு

முருகையன் சிக்கலை எடுத்துவிட்டான். சங்கிலி மறுபடி ஓடியது. மணி மெல்ல ஏறி உத்தரத்தின் அடியில் போய் நின்றது. போல்ட்டுகளை முடுக்கினான். சங்கிலியைக் கழற்றினான். இப்போது மணியைப் பிடித்திருந்தது போல்ட்டும் இலுப்பையும் மட்டும்தான்.

ஐயர் கயிற்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நான் அடிக்கலாமா ஐயரே?"

"ஏம்மா, கை வலிக்குமா?" என்றார். கூட்டத்தில் சிரித்தார்கள்.

முக்காட்டை இறுக்கிக்கொண்டு இழுத்தேன். மணி ஒரு பக்கம் சாய்ந்து, திரும்பி வந்து, நாக்கு மோதியது. அடேயப்பா, அந்தச் சத்தம். எதிர் வயலில் அறுத்த தாள்களுக்கு நடுவே மேய்ந்துகொண்டிருந்த வாத்துக் கூட்டம் மொத்தமும் தலை தூக்கியது. ஒரு வயதான அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மணி காதில் விழவில்லை. மரம் விட்டுக்கொடுக்கும் முன் முனகும். அந்த முனகலுக்காக நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

இன்னும் பலமாக இழுத்தேன். மணி பெரிய வீச்சாக ஆடியது. ஆசீர்வாதம் சார் தூணில் உள்ளங்கையை வைத்து அதிர்வு பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். உத்தரம் கம்மென்று இருந்தது. ஒரு சின்ன கிறீச் கூட இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் யாரோ அல்லேலூயா என்றார்கள். நான் அழுதுகொண்டே சிரித்தேன், சிரித்துக்கொண்டே இழுத்தேன்.

சலீம் காதைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் வந்தான். "போதும் அண்ணி. மரம் நிக்கிது. ஒத்துக்கறேன்."

"என்ன? மணிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

"மரம் நிக்கிதுன்னு சொன்னேன். வாடி ஒங்களுதுதான்."

"இன்னும் கொஞ்சம் ஒரக்கச் சொல்லு."

அவன் காதிலிருந்து கையை எடுத்து வாயில் குவித்துக்கொண்டான். "வாடி ஒங்களுதுதான் அண்ணி, நான் இனிமே கேக்கமாட்டேன்" என்று தொண்டை கிழியக் கத்தினான். மணி அடங்கியிருந்த அந்தச் சமயத்தில் அது அறுப்பின் பண்டிகைக்கு வந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

நன்றாகக் கேட்டது என்று தலையாட்டிவிட்டு, கயிற்றை இன்னொரு முறை இழுத்தேன்.